கல்லாவா? கல்லூரியா?



பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியான வாரம் அது. அஸர் தொழுகை முடிந்து பள்ளியின் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தபோது, கடைத்தெருவில் சிறியதாக ஜவுளிக்கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் தன் மகனையும் அழைத்துக் கொண்டு வந்தார். கையில் இரண்டு காகிதங்கள். ஒன்று, ஒரு சாஃப்ட்வேர் நிறுவனம் அந்தப் பிள்ளையைத் தேர்வு செய்து அனுப்பிய கடிதம். ஓராண்டு பயிற்சி, அதன் பிறகு வேலை, வேலை பார்த்துக் கொண்டே பட்டப்படிப்பு என்று அதில் இருந்தது. மற்றொன்று, பயிற்சிக் கட்டணத்திற்கான வங்கிக் கடன் விண்ணப்பம்.

"ஹஜ்ரத், கடன் வாங்கினா வட்டி. வாங்காட்டி புள்ளைக்கு இந்த இடம் போயிடும். பேசாம நம்ம கடையிலேயே உட்கார வச்சிடட்டுமா?" என்று கேட்டார். மகன் ஒன்றும் பேசவில்லை. தலையைக் குனிந்து கொண்டு நின்றான்.

அந்தத் தகப்பனாரின் கேள்வி ஒரு வீட்டுக் கேள்வியல்ல. இந்தச் சமுதாயத்தின் கேள்வி. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் ஆயிரக்கணக்கான முஸ்லிம் வீடுகளில் இதே கேள்வி எழுகிறது. பெரும்பாலான வீடுகளில் ஒரே பதில்தான் கிடைக்கிறது. ஒன்று கல்லா, இல்லையென்றால் சபுர். பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும் பாஸ்போர்ட் எடுத்து விடுகிறோம்; பட்டம் எடுக்கத்தான் நமக்குப் பொறுமையில்லை.

2005ஆம் ஆண்டு அமைக்கப்பட்டு 2006 நவம்பரில் அறிக்கை தந்த நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு என்ன சொன்னது? நாட்டின் சிறந்த கல்லூரிகளில் இளநிலை படிக்கும் 25 பேரில் ஒருவர்தான் முஸ்லிம். முதுநிலையில் 50 பேரில் ஒருவர்தான் முஸ்லிம் என்று சொன்னது. அந்த அறிக்கையை மேடைதோறும் முழங்கினோம். இட ஒதுக்கீடு கேட்டுப் போராடினோம். 2007இல் தமிழகத்தில் 3.5 சதவீத உள் ஒதுக்கீடும் கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த ஒதுக்கீடு கல்விக்கூடங்களுக்கும் மாநில அரசுப் பணிகளுக்கும்தான். தனியார் நிறுவனத்தின் வாசலில் அது செல்லாது. அங்கே மதிப்பெண்ணும் திறமையும் தேர்வும்தான் பேசும். போராடிப் பெற வேண்டியதைப் போராடிப் பெறுவோம். விண்ணப்பித்துப் பெற வேண்டியதையாவது விண்ணப்பித்துப் பெறுகிறோமா?

என்ன திட்டம் இது?

வேலையில் இருந்தபடியே பட்டம் பெறும் முறை இந்த நாட்டில் நேற்று முளைத்ததல்ல. பிலானியில் உள்ள பிட்ஸ் கல்வி நிறுவனம், வேலையோடு இணைந்த படிப்பை 1979 முதலே நடத்தி வருகிறது. அதனுடன் சேர்ந்து விப்ரோ நிறுவனம் 1995இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பொறியியல் படிக்காத பி.எஸ்ஸி. பட்டதாரிகளை வேலைக்கு எடுத்து, வேலை பார்க்கும் காலத்திலேயே சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்கில் முதுநிலைப் பட்டம் பெற வைத்தது. பெயர் மாறினாலும் அந்தத் திட்டம் தொடர்ந்து வந்திருக்கிறது. படிப்புச் செலவை நிறுவனமே ஏற்கிறது. அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் முதலாண்டு உதவித்தொகை மாதம் சுமார் 15 ஆயிரம், நான்காம் ஆண்டில் சுமார் 23 ஆயிரம் என்று இருந்தது. பி.சி.ஏ. அல்லது பி.எஸ்ஸி.யில் 60 சதவீதம் வேண்டும். பட்டப்படிப்பில் கணிதம் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். கல்லூரிக்கு நேரில் சென்று படித்த பட்டமாகவும் இருக்க வேண்டும்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கான திட்டத்தை ஹெச்.சி.எல். நிறுவனம் 2017இல் தொடங்கியது. டெக்பீ என்று பெயர். கணிதம் அல்லது வணிகக் கணிதம் படித்த மாணவர்களைத் திறனறித் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். கணக்கு, தர்க்கம், ஆங்கிலம் மூன்றிலும் கேள்விகள் வரும். பிறகு நேர்காணல். ஓராண்டுக் காலம் வகுப்பறைப் பயிற்சியும் நேரடி வேலைப் பயிற்சியும் தருகிறார்கள். அதன்பின் வேலை. வேலையில் இருந்தபடி பிட்ஸ், சாஸ்த்ரா, அமிட்டி போன்ற பல்கலைக்கழகங்களில் பட்டம் படிக்கலாம். சென்னையிலும் மதுரையிலும் இந்த நிறுவனத்திற்குப் பெரிய அலுவலகங்கள் இருக்கின்றன. தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 1.7 லட்சம் முதல் 2.2 லட்சம் வரை என்று அறிவித்திருந்தார்கள். மாதக் கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ 14 ஆயிரத்திலிருந்து 18 ஆயிரம் வரை.

"இவ்வளவுதானா?" என்று வியாபாரிகள் கேட்பது காதில் விழுகிறது. இவ்வளவுதான். ஆனால் பொறியியல் கல்லூரியில் பணம் கட்டிப் படிக்கும் பிள்ளை நான்காண்டுகள் வீட்டிலிருந்து பணம் வாங்குவான். இந்தப் பிள்ளை இரண்டாம் ஆண்டிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புவான். படிப்பு முடியும் நாளில் பட்டத்தோடு சில ஆண்டு அனுபவமும் அவன் கையில் இருக்கும். வீட்டுக் கஷ்டத்தால் படிப்பை விடும் பிள்ளைகள் நிறைந்த சமுதாயத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழி எது?

நமக்குத் தெரியாத முறையா?

வேலை செய்து கொண்டே கற்பது என்றால் நமக்குப் புதிதா? நம் வியாபாரிகள் எந்தக் கல்லூரியில் வியாபாரம் படித்தார்கள்? பத்து வயதில் கடை வாசலைப் பெருக்கினார்கள். பன்னிரண்டு வயதில் துணி அளந்தார்கள். பதினைந்து வயதில் கொள்முதலுக்குப் போனார்கள். இருபது வயதில் கல்லாவில் அமர்ந்தார்கள். அதே முறைக்குத்தான் இன்று பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது. யு.ஜி.சி.யே வேலைப் பயிற்சியை உள்ளடக்கிய பட்டப்படிப்புகளுக்கு 2020இல் நெறிமுறை வெளியிட்டது.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது ஜைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள் சிறுவர். யூதர்களோடு கடிதப் போக்குவரத்து தேவைப்பட்டது. அவர்களது எழுத்தைக் கற்றுக் கொள்ளும்படி ஜைதுக்கு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். அவரும் அரை மாதத்திற்குள் கற்றுத் தேர்ந்து, நபியவர்களுக்காகக் கடிதங்களை எழுதவும் வந்தவற்றைப் படித்துக் காட்டவும் செய்தார் (நூல்: திர்மிதீ). தேவை இருந்தது, அந்தத் தேவைக்கான மொழியை ஓர் இளைஞர் கற்றார், கற்ற கையோடு பணியில் அமர்ந்தார். இன்று உலகத்தின் கடிதப் போக்குவரத்தும் கொடுக்கல் வாங்கலும் கணிப்பொறியின் மொழியில் நடக்கின்றன. அந்த மொழியைக் கற்க நம் பிள்ளைகளை யார் அனுப்புவது?

கையெழுத்துக்கு முன்னால்...

ஆனால் ஆசையோடு ஓடிப் போய்க் கையெழுத்துப் போடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. இந்தத் திட்டங்களில் ஒப்பந்தம் இருக்கிறது. விப்ரோவின் அண்மை அறிவிப்புகளில் 60 மாதப் பணி ஒப்பந்தம் இருந்தது. சேரும்போது 75 ஆயிரம் ரூபாய் தருவார்கள். இடையில் விலகினால் மீதமுள்ள காலத்தின் கணக்குப்படி அதைத் திருப்பித் தர வேண்டும். ஐந்து ஆண்டு என்பது ஓர் இளைஞனின் வாழ்வில் சிறிய காலமா?

மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைத் திருக்குர்ஆன் 28:26-28 வசனங்களில் படித்துப் பாருங்கள். கையில் ஒன்றுமில்லாமல் மத்யனுக்கு வந்து சேர்ந்த இளைஞர் அவர். அங்கிருந்த பெரியவர் அவருக்கு வேலையும் குடும்பமும் தர முன்வருகிறார். எட்டு ஆண்டுகள் கட்டாயம், பத்தாக நிறைவு செய்தால் அது உமது விருப்பம், உம்மைச் சிரமப்படுத்த நான் விரும்பவில்லை என்று நிபந்தனைகளை முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லி விடுகிறார். மூஸா (அலை) அவர்களும் இரண்டில் எதை நிறைவேற்றினாலும் தன்மீது அதிகப்படி சுமத்தக் கூடாது என்பதைத் தெளிவாக்கிக் கொண்டு, அல்லாஹ்வைச் சாட்சியாக்கி ஒப்புக் கொள்கிறார். அவர்கள் நீண்ட தவணையையே நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சொன்னது புகாரியில் பதிவாகியிருக்கிறது.

இதிலிருந்து நம் இளைஞர்கள் எடுக்க வேண்டிய பாடம் என்ன? நீண்ட கால ஒப்பந்தம் இழிவல்ல. ஆனால் காலம் தெரிய வேண்டும். நிபந்தனை தெரிய வேண்டும். கட்டாயம் எது, விருப்பம் எது என்பது தெரிய வேண்டும். தெரிந்து ஒப்புக் கொண்ட பிறகு, இடையில் ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் தருகிறார்கள் என்று ஓடி வரக்கூடாது. ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி 5:1 வசனத்தில் நமக்கு இடப்பட்ட கட்டளை திருமண ஒப்பந்தத்துக்கு மட்டுமா? கம்பெனி ஒப்பந்தத்துக்கு இல்லையா?

எனவே கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள். பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தினுடையது? அது யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்றதா? பட்டத்தின் கட்டணத்தில் நிறுவனத்தின் பங்கு எவ்வளவு, நம் பங்கு எவ்வளவு? பயிற்சியில் தோற்றால் கட்டிய பணம் என்னவாகும்? விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும்? பணி எந்த ஊரில், எந்த நேரத்தில்? ஜும்ஆவுக்கு நேரம் கிடைக்குமா? எந்த வகையான வேலை தருவார்கள்? வட்டியை உண்பவரோடு அதை எழுதுபவரும் அதற்குச் சாட்சி சொல்பவரும் பாவத்தில் சமம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது (நூல்: முஸ்லிம்) நமக்குத் தெரியும். ஆகவே வட்டிக் கணக்கு எழுதும் பிரிவா, மென்பொருள் எழுதும் பிரிவா என்று விசாரித்துக் கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் வேலையின் விவரத்தை எழுதி எடுத்துக் கொண்டு போய் ஆலிம்களிடம் விளக்கம் கேளுங்கள்.

இன்னொன்று. தேர்வே நடக்காமல் "இடம் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்கும் இடைத்தரகன் பள்ளிவாசலின் முதல் வரிசையில் நின்று தொழுபவனாக இருந்தாலும் நம்பாதீர்கள். விண்ணப்பத்தை நிறுவனத்தின் சொந்த அறிவிப்பைப் பார்த்து நேரடியாகவே போடுங்கள். அந்தந்த ஆண்டின் அறிவிப்பே கணக்கு. போன வருடம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இருந்த நிபந்தனை இந்த வருடம் மாறியிருக்கலாம்.

வட்டிக்கு யார் பொறுப்பு?

இப்போது அந்த இரண்டாவது காகிதத்துக்கு வருவோம். ஹெச்.சி.எல். திட்டத்தின் பயிற்சிக் கட்டணம் அண்மை ஆண்டுகளில் ஒரு லட்சம் ரூபாயும் வரியும் என்று இருந்தது. 18 சதவீத வரியோடு சேர்த்தால் 1 லட்சத்து 18 ஆயிரம். கட்ட முடியாதவர்களுக்கு வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு உண்டு. வசதியுள்ளவர் கட்டி விடுவார். மார்க்கப் பேணுதல் இல்லாதவர் கடன் வாங்கி விடுவார். வறுமையும் பேணுதலும் சேர்ந்திருக்கும் வீட்டுப் பிள்ளைதான் வாசலில் நின்று விடுகிறான். அல்லாஹ்வுக்கு அஞ்சியதற்காக ஒரு பிள்ளை படிப்பை இழந்தால், அந்தக் குற்றம் யாருடையது?

மேடையில் நின்று "வட்டி ஹராம்" என்று முழங்குவது சுலபம். நானும் முழங்கியிருக்கிறேன். அன்று அந்தத் தகப்பனாரிடமும் அதைத்தான் சொன்னேன். "அப்ப நீங்க ஒரு வழி சொல்லுங்க ஹஜ்ரத்" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. எங்கள் மஹல்லாவில் பைத்துல்மால் இருந்தது. கஃபன் துணிக்கும் நோன்புக் கஞ்சிக்கும் அதில் பணம் இருந்தது. உயிரோடு நிற்கும் பிள்ளைக்கு இல்லை. இரண்டு வாரம் நான்கு பேரைப் பார்த்தோம். அதற்குள் கட்டணம் கட்டும் தேதி கடந்து விட்டது. அந்தப் பிள்ளை இன்று கல்லாவில் அமர்ந்திருக்கிறான். ஹலாலான தொழில்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவன் விரும்பி அங்கே அமரவில்லை; நாம் கைவிட்டதால் அமர்ந்தான். மறுமையில் அவன் என் சட்டையைப் பிடித்துக் கேட்டால் நான் என்ன சொல்வேன்?

ஹராமைத் தடுப்பவர் ஹலாலைத் திறந்து விட வேண்டும். அதற்குப் பெரிய மூலதனம் தேவையில்லை. கணக்குப் போடுங்கள். 500 வீடுகள் உள்ள ஒரு மஹல்லாவில் வீட்டுக்கு மாதம் 40 ரூபாய். ஆண்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். இரண்டு பிள்ளைகளின் முழுக் கட்டணம் வந்து விட்டது. இதைத் தர்மமாகக் கூடக் கொடுக்க வேண்டாம். அழகிய கடனாகக் கொடுங்கள். வேலையில் சேர்ந்த பிள்ளை மாதம் 3 ஆயிரம் வீதம் 40 மாதங்களில் முழுவதையும் திருப்பி விடுவான். அதே பணம் அடுத்த பிள்ளைக்குப் போகும். 2:282 வசனம் கற்றுத் தரும் முறைப்படி எழுதி, சாட்சி வைத்துக் கொடுங்கள். பிள்ளை சிரமத்தில் இருந்தால் 2:280 வசனம் சொல்கிறபடி அவகாசம் கொடுங்கள். ஜகாத் பெறும் தகுதியுள்ள குடும்பமாக இருந்தால் ஆலிம்களைக் கேட்டு ஜகாத்திலிருந்தே கொடுங்கள்.

ஒரு வலீமாவின் பிரியாணிச் செலவு எத்தனை பிள்ளைகளின் படிப்பு? ஒரு மாநாட்டின் சுவரொட்டிச் செலவு எத்தனை பிள்ளைகளின் படிப்பு? மற்றவர்களைக் கேட்பதற்கு முன் நம் கிளைகளையே கேட்கிறோம். கொடியும் சுவரொட்டியும் தேவைதான். ஆனால் சுவரொட்டி அடுத்த மழையில் கரைந்து விடும். படித்த பிள்ளை ஒரு குடும்பத்தை நாற்பது ஆண்டுகள் தாங்குவான்.

முன்பே மூடப்படும் கதவுகள்

பணம் மட்டும் தடையில்லை. பதினோராம் வகுப்பில் சேரும் அன்றே நம் பிள்ளைகளில் பலருக்கு இந்தக் கதவு மூடப்பட்டு விடுகிறது. "கடைக்குப் போகிற பையனுக்குக் கணக்கு எதற்கு?" என்று கணிதம் இல்லாத பிரிவில் சேர்த்து விடுகிறோம். வணிகக் கணிதம் படித்தால் டெக்பீக்கு விண்ணப்பிக்கலாம். விப்ரோவின் அறிவிப்பிலோ பட்டப்படிப்பில் படித்த வணிகக் கணிதம் கணக்கில் வராது. ஆகவே பத்தாம் வகுப்பு முடியும்போதே ஜமாஅத் நிர்வாகிகள் பெற்றோரை அழைத்து இதைச் சொல்ல வேண்டும்.

அடுத்தது பெயர். பள்ளிச் சான்றிதழில் முகமது, ஆதாரில் முஹம்மது, பிறப்புச் சான்றிதழில் வெறும் 'மு'. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் எழுத்து. ஒன்றில் தகப்பனார் பெயர் முன்னால், இன்னொன்றில் பின்னால். தேர்வில் வென்ற பிள்ளை சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் விழி பிதுங்கி நிற்கிறான். இதைப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே சரி செய்து விடுங்கள். நபியின் பெயரைச் சூட்டினால் போதாது. எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி எழுதவும் வேண்டும்.

மூன்றாவது ஆங்கிலம். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் பள்ளிவாசல் மாடியில் தினம் அரைமணி நேரம் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நடத்த, கல்லூரி படித்த இரண்டு இளைஞர்கள் போதும். பத்ருப் போரில் பிடிபட்ட, எழுத்தறிந்த கைதிகள் மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுத் தருவதையே மீட்புத் தொகையாக ஏற்றுக் கொண்ட நபியின் உம்மத்து நாம். நம் பள்ளிவாசலில் கரும்பலகைக்கு இடமில்லையா?

பெண் பிள்ளைகளையும் மறந்து விடாதீர்கள். மதிப்பெண் பட்டியலில் பையன்களை முந்தி நிற்பவர்கள் அவர்கள்தான். தங்குமிடம், பாதுகாப்பு, பேணுதல் என்ற கவலை நியாயமானது. அந்தக் கவலைக்கு விடை படிப்பை நிறுத்துவதல்ல. சென்னையிலும் மதுரையிலும் உள்ள நம் ஜமாஅத்துகளும் வக்ஃபு நிர்வாகிகளும் பெண்கள் விடுதிக்கு வழி செய்வதுதான்.

ஆட்குறைப்பு நடக்கிறதே!

"2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனமே சுமார் 12 ஆயிரம் பேரைக் குறைப்பதாக அறிவித்ததே, இப்போது போய் இந்தத் துறையிலா?" என்று கேட்கலாம். கேள்வி சரிதான். ஆட்குறைப்பும் நடக்கிறது, மனிதன் எழுதிய நிரலை எந்திரமே எழுதவும் தொடங்கியிருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் இந்த வேலை இப்படியே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ரிஸ்க் அல்லாஹ்வின் கையில். ஆனால் அதனால்தான் வெறும் வேலையை விட வேலையோடு பட்டமும் தரும் திட்டம் மேல் என்கிறோம். வேலை போனாலும் பட்டம் போகாது. சபுர் போன இடத்தில் வேலை போனால் வெறுங்கையோடு திரும்பும் நம் சகோதரர்களை எத்தனை முறை விமான நிலையத்தில் பார்த்திருக்கிறோம்!

எல்லாப் பிள்ளைகளும் சாஃப்ட்வேருக்குப் போக வேண்டும் என்பதில்லை. வியாபாரம் நபிமார்களும் சஹாபாக்களும் செய்த தொழில். அதை விரும்பி ஏற்கும் பிள்ளை கல்லாவில் அமரட்டும். விரும்பாத பிள்ளையை வறுமையும் நம் அலட்சியமும் சேர்ந்து அங்கே உட்கார வைக்கக் கூடாது.

சகோதரர்களே! அந்த ஜவுளிக்கடைப் பிள்ளையின் தம்பி இப்போது பதினோராம் வகுப்பில், கணிதப் பிரிவில் படிக்கிறான். அண்ணன்தான் கல்லாவிலிருந்து அவனுக்குப் பணம் கட்டுகிறான். தம்பிக்குத் தேர்வுக் கடிதம் வரும் நாளில், அந்தத் தகப்பனார் மறுபடியும் அதே தாழ்வாரத்துக்கு வருவார். அப்போது அவருக்குத் தருவதற்கு நம்மிடம் என்ன இருக்கும்? இன்னொரு சொற்பொழிவா? அல்லது வட்டியில்லாத 1 லட்சத்து 18 ஆயிரம் ரூபாயா?

வரும் ஜும்ஆவுக்குப் பிறகு உங்கள் மஹல்லா நிர்வாகத்தைச் சந்தியுங்கள். இந்தக் கேள்வியை அவர்கள் முன் வையுங்கள். வீட்டுக்கு 40 ரூபாய் என்று ஒரு நோட்டைப் போடுங்கள். முதல் பெயராக உங்கள் பெயரை எழுதுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான வருமானத்தையும், நமக்கு அவர்களைக் கைவிடாத உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.